சேலத்தில் மனை, ஏற்காட்டில் தோட்டம்: சின்ன முதலோடு இறங்குகிறவர்களுக்கு

பத்து இருபது லட்சம் கையில் சேர்ந்ததும் சேலத்துக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது ஒரு மனை வாங்கிப் போடுவதுதான். தப்பில்லை. நானும் அப்படித்தான் ஓமலூர்ப் பக்கம் ஒரு மனை, அப்புறம் ஊருக்குள் ஒரு பழைய வீடு என்று வாங்கினேன். ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை, அடுத்து வாங்கப் போகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன்.

அந்த வரிசைதான் முக்கியம். இங்கே வழக்கம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் இடத்தைக் காட்டுவார், "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருதுங்க" என்பார், நாம் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ டோக்கன் கொடுத்துவிடுவோம். ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு வக்கீலிடம் போவது அதற்கப்புறம்தான். இது தலைகீழ். பணம் கைமாறிய பிறகு பத்திரத்தில் கோளாறு தெரிந்தால், விற்பவர் நிதானமாகிவிடுவார், பதற்றம் நமக்கு வந்துவிடும். அதனால் கீழே அட்வான்ஸ் ஆறாவது படியாகத்தான் வருகிறது.

1. சென்ட் விலையை விட்டுவிட்டு மொத்தச் செலவைப் போடுங்கள்

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. உதாரணத்துக்கு சதுர அடி ₹800 என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் விலை ₹17,42,400.

இதன்மேல் முத்திரைத் தீர்வை 5%, மாற்று வரி 2%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. பதிவுக் கட்டணம் முன்பு 4% இருந்தது, 2023 ஏப்ரலில் 2% ஆனது. ஆனால் அதே சமயத்தில், பதிவுக்கு அரசு குறிக்கும் குறைந்தபட்ச விலையான வழிகாட்டி மதிப்பை (கைடுலைன்) உயர்த்திவிட்டார்கள், எனவே குறைந்ததாகப் பெரிதாகத் தெரியாது. நம் உதாரணத்தில் 9% என்பது ₹1,56,816. புரோக்கர் கமிஷன் 2% பேசினால் இன்னொரு ₹34,848. வக்கீல், பத்திரம் எழுதுபவர், சர்வேயர், நான்கு மூலைக்கும் கல், கம்பி வேலி என்று சேர்த்தால் இருபது லட்சத்தைத் தொட்டுவிடும்.

அதாவது நாளைக்கே சதுர அடி ₹920-க்கு விற்றால்தான் போட்ட காசு திரும்ப வரும். "ஒரே வருஷத்துல நூறு ரூபாய் ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னும் நஷ்டத்தில் இருக்கிறார்.

ஒரு சின்னச் சலுகை: 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சின்ன மனை என்றால் மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ வாங்குவதைப் பற்றி முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், பத்திரம் டைப் ஆன பிறகு வேண்டாம்.

2. எந்த வகை நிலம் என்று கேளுங்கள்

சேலத்தைச் சுற்றி சின்ன முதலீட்டாளர் கைக்கு எட்டுவது நான்கு வகை: டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் உள்ள மனை, அங்கீகாரம் இல்லாத மனை, விவசாய நிலம், ஊருக்குள் பழைய வீடு. அபார்ட்மென்ட்டை நான் சேர்க்கவில்லை. அதில் உங்களுக்கு வருவது கட்டடமும் பிரிபடாத நிலப் பாகமும்தான், நிலத்துக்காகவே வாங்குகிறவருக்கு அது சரிப்படாது.

டிடிசிபி மனை என்றால் போர்டில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. டிடிசிபி கொடுப்பது தொழில்நுட்ப ஒப்புதல். சாலை, பூங்கா இடங்களைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்து, கட்டணங்களைக் கட்டி, பஞ்சாயத்தோ நகராட்சியோ இறுதி ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு உத்தரவுகளையும், முத்திரை போட்ட லேஅவுட் வரைபடத்தையும் கேளுங்கள். வரைபடத்தில் உங்கள் மனை எண் எங்கே இருக்கிறது, அதன் முன்னால் சாலை எத்தனை அடி என்று பார்த்துவிட்டு, நேரில் போய் அந்த அகலம் இருக்கிறதா என்று டேப் பிடியுங்கள். பூங்காவுக்கு விட்ட இடத்தையே பின்னால் மனையாக்கி விற்கிற கூத்தும் உண்டு.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டால் வரைபடம், உத்தரவு எல்லாம் திறந்து பார்க்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கப் புரொமோட்டருக்கு உரிமையில்லை. இதைச் சொன்னால் சில இடங்களில் முகம் மாறும். மாறட்டும்.

அங்கீகாரம் இல்லாத மனையில் ஒரு தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 2016 அக்டோபர் 20. அதற்கு முன் பதிவான மனைகளைத்தான் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் சேர்த்தார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று மட்டும் சொன்னால், வரன்முறை உத்தரவு எங்கே என்று கேளுங்கள். அது இல்லாத மனை விலை குறைவாகத்தான் இருக்கும். லோன் கிடைக்காது, கட்டட அனுமதி கிடைக்காது, நாளைக்கு உங்களிடம் வாங்குகிறவருக்கும் அதே தொல்லை.

விவசாய நிலம் வாங்கத் தமிழ்நாட்டில் விவசாயியாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. ஆனால் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் நிலம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

3. ஏற்காடு என்றால் தனிக் கணக்கு

மலைமேல் நிலம் என்றதும் எல்லோருக்கும் ஒரு மயக்கம் வருகிறது. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர். நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டைப் பக்கம் பழைய காபித் தோட்டத்தைத் துண்டு போட்டு ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று விற்க வருகிறார்கள். சில்வர் ஓக் மரமும் அதில் மிளகுக் கொடியும் அப்படியே இருக்கும், பார்க்கவே அழகாக இருக்கும். "வீடு கட்டி ஹோம்ஸ்டே விடலாம் சார்" என்பார்கள்.

ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது. எல்லோரும் ஹாக்கா என்பது இதைத்தான். இங்கே மனை பிரிப்பதற்கும் கட்டடம் கட்டுவதற்கும் சமவெளியில் உள்ள விதிகள் போதாது, மலைப்பகுதிக்கான அனுமதி தனியாக வேண்டும். சரிவு எவ்வளவு, மண் எப்படி, பக்கத்தில் காப்புக் காடு இருக்கிறதா, ஓடை போகிறதா என்று பல துறைகள் பார்க்கும். துண்டு போட்ட தோட்டத்தில் ஐந்து சென்டை உங்கள் பெயருக்குக் கிரயம் செய்துகொள்வதும், அதில் வீடு கட்ட அனுமதி கிடைப்பதும் வேறு வேறு சங்கதி. முதல் காகிதத்தைக் காட்டி இரண்டாவதும் வந்துவிடும் என்று பேசுவதுதான் இங்கே நடக்கும் வியாபாரம். அனுமதி வாங்காமல் கட்டினால் சீல் வைப்பார்கள், மின் இணைப்பும் சிக்கலாகும்.

மரத்தையும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். சில்வர் ஓக் விற்றே பாதி விலை எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர், வெட்டும் அனுமதியை அவரே வாங்கிக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மலையில் வாங்குவதென்றால் இப்படிச் செய்யுங்கள். நிலத்துக்குப் பொதுப்பாதை பத்திரத்திலும் வரைபடத்திலும் இருக்க வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரர் பெருந்தன்மையாக விட்டிருக்கும் ஜீப் தடம் போதாது. கோடையில் ஒருமுறை போய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். செங்கல், ஜல்லி, கம்பி எல்லாம் கீழேயிருந்து ஏற வேண்டும் என்பதால் கட்டுமானச் செலவைச் சேலத்துக் கணக்கில் போடாதீர்கள். தோட்டமாகவே வைத்துக்கொள்வதாக இருந்தால், காபிப் பழம் எடுக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆள் கிடைக்க வேண்டும், நீங்களும் அடிக்கடி மேலே போக வேண்டும். இரண்டு ஏக்கருக்குக் குறைந்த தோட்டத்தில் காவல்காரர் சம்பளத்துக்கே வருமானம் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். வருமானம் வேண்டும் என்பவருக்கு மலை வேண்டாம், அடிவாரத்திலேயே நின்றுகொள்ளலாம். மலைமேல் ஆசை இருக்கிறவர்கள் அதை ஆசைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. காகிதங்களை இந்த வரிசையில் வாங்குங்கள்

புரோக்கரிடம் "ஜெராக்ஸ் செட்" என்று கேட்டால் கடைசிப் பத்திரமும் பட்டாவும் கொடுப்பார். அது போதாது.

முதலில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுக் காசில்லாமலேயே பார்க்கலாம். குறைந்தது முப்பது வருடத்துக்குப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1979-ல் தொடங்கிய யுடிஆர் எனும் நில ஆவணப் புதுப்பிப்பு அளவையில் பல ஊர்களில் சர்வே எண்கள் மாறின. மாநகராட்சி எல்லைக்குள் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று இன்னொரு எண்ணும் உண்டு. பழைய எண்ணில் போட்டால் ஒரு வரலாறு வரும், புதிய எண்ணில் போட்டால் வேறு வரும். இரண்டிலும் போட்டு, உட்பிரிவு எண்களையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வில்லங்கத்தில் வரும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேளுங்கள். நான் வாங்கிய வீட்டுக்கு, விற்றவருடைய அப்பா தொண்ணூறுகளில் ஒரு கூட்டுறவு அமைப்பில் வைத்த அடமானம் ஒரு வரியாக நின்றது. கடன் எப்போதோ கட்டியாகிவிட்டது. ஆனால் ரத்து ரசீதைப் பதியவில்லை. "அதெல்லாம் பழசுங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்கள். பேங்க் வக்கீல் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அந்தப் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்து, ரசீது எழுதிப் பதிந்து, வில்லங்கத்தில் அந்த வரிக்குக் கீழே "ரத்து" என்று வரும் வரை எல்லாம் நின்றது. விற்பவர் செலவில், அட்வான்ஸுக்கு முன்பே இதை முடிக்கச் சொல்லுங்கள்.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு: பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வரி பாக்கி, பத்திரத்தைக் கொடுத்து வட்டிக்கு வாங்கிய கைக்கடன். கடைசியில் சொன்னதற்காகவே ஒரிஜினல் பத்திரங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரிஜினல் தொலைந்துவிட்டது என்றால் காவல்துறை சான்றும் பத்திரிகை விளம்பரமும் கேளுங்கள். வீட்டிலேயே எங்கோ இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றால் நிற்க வேண்டாம்.

அடுத்து தாய்ப்பத்திரம் எனும் பழைய மூலப் பத்திரம் தொடங்கி இன்றுவரை உள்ள பத்திரங்களின் சங்கிலி. நடுவில் ஒரு விற்பனை பவர் பத்திரத்தின் (சொந்தக்காரர் தனக்காக விற்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்) பேரில் நடந்திருந்தால், பவர் எழுதிக் கொடுத்தவர் விற்பனை நாளில் உயிரோடு இருந்தாரா, பவர் ரத்தாகாமல் இருந்ததா என்று பார்க்க வேண்டும். அவர் இறந்தால் பவரும் முடிந்தது.

பிறகு பட்டா, வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம். மூன்றையும் அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம், விற்பவர் கொடுக்கும் நகலை நம்ப வேண்டியதில்லை. பட்டா மட்டுமே உரிமை ஆகாது, பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்து மற்றவர்கள் பெயரும் இருந்தால், பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அ-பதிவேட்டில் நிலத்தின் வகை தெரியும். புறம்போக்கு, கோயில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம், பஞ்சமி நிலம் என்று ஏதாவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். எத்தனை கை மாறியிருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதில் சரிசெய்ய எதுவும் இல்லை. ஏழைகளுக்கு அரசு ஒப்படை செய்த நிலத்துக்கும் விற்பனை நிபந்தனைகள் உண்டு. ஒப்படை ஆணையைப் படிக்காமல் தொடாதீர்கள்.

கடைசியாக, நிலம் எடுப்பு. சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு 2018-ல் நிலம் அளந்தபோது எத்தனை பேர் கல் நட்டதைப் பார்த்து விழித்தார்கள் என்று இந்த ஊருக்குத் தெரியும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் புதிய அறிவிக்கை போட்டுத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் பார்க்கும் சர்வே எண் ஏதாவது நில எடுப்பு அறிவிக்கையில் இருக்கிறதா என்று தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள். "ரோடு வருது, விலை எகிறும்" என்று புரோக்கர் சொல்லும் அதே ரோடு உங்கள் மனை மேலேயே வரலாம்.

எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம், விற்பவருக்குப் பத்திரம் எழுதும் வக்கீலும் வேண்டாம். இதில் மிச்சம் பிடிக்கிற ஐயாயிரம் பத்தாயிரம் மிச்சமே இல்லை.

5. அளந்து பாருங்கள், கையெழுத்துப் போட வேண்டியவர்களை எண்ணுங்கள்

இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் காரணம், இரண்டையுமே எல்லோரும் பத்திரத்தன்றுதான் நினைக்கிறார்கள்.

நான் பார்த்த ஒரு மனையில் பத்திரத்தில் முகப்பு நாற்பது அடி. சர்வேயர் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடியபோது வடகிழக்கு மூலைக் கல், பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக்குப் போட்டிருந்த தீவனப்புல்லுக்கு உள்ளே இருந்தது. அங்கிருந்து அளந்தால் நாற்பது. வேலியிலிருந்து அளந்தால் முப்பத்தேழரை. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்காரர் இல்லை, வேலியே அப்படித்தான் இருந்தது என்றார். விற்பவர் இருக்கும்போதே வேலியை நகர்த்திக் கல் தெரியும்படி வைத்துவிட்டால் சரி. பத்திரம் முடிந்த பிறகு அது உங்கள் வழக்கு.

இடத்தை மழைக்காலத்தில் ஒருமுறை பார்க்க முடிந்தால் பாருங்கள். சேலத்தில் ஏரிகளும் ஓடைகளும் இருந்த இடமெல்லாம் இன்று தெருக்கள். மூக்கனேரி, பள்ளப்பட்டி ஏரி சுற்றுவட்டாரத்தில் மட்டும் இல்லை, திருமணிமுத்தாறு போகிற வழியிலும் தாழ்வான மனைகள் உண்டு. ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் மனை, சித்திரையில் பார்த்தால் கட்டாந்தரைதான்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். பூர்வீகச் சொத்து என்றால் மகன்களை மட்டும் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். மகள்களுக்கும் சம உரிமை. தமிழ்நாட்டில் 1989 சட்டத்திருத்தமே அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்கு அதைக் கொடுத்தது, 2005 மத்திய திருத்தம் எல்லோருக்கும் கொடுத்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. "அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்பது பதில் இல்லை. வாரிசுச் சான்று வாங்கி, அதில் உள்ள ஒவ்வொருவரும் பத்திரத்தில் சேர வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்பே பதிந்திருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

6. இப்போது அட்வான்ஸ்

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சொத்து விற்பனைக்கு ₹20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். இதை விற்பவரிடம் பணிவாக எடுத்துச் சொன்னால் காசோலைக்கு ஒத்துக்கொள்வார்.

கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 முதல் பதிந்தே ஆக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி நான்கு பேர் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைப்பது வழக்கமாக இருக்கலாம், சண்டை வந்தால் அது வலுவில்லாதது. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எத்தனை மாதக் கெடு, எந்தக் கோளாறை விற்பவர் தன் செலவில் தீர்க்க வேண்டும், உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும், லோன் கிடைக்காவிட்டால் என்ன. கடைசி இரண்டையும் யாரும் தாமாக எழுத மாட்டார்கள். நீங்கள் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். எல்லாப் பங்குதாரர்களும் இதிலேயே கையெழுத்துப் போட வேண்டும்.

7. லோன் வாங்குவதாக இருந்தால்

வீட்டுக்கு 30 லட்சம் வரையிலான கடனில் சொத்து மதிப்பில் 90% வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு. பேங்க் அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் பெரும்பாலும் அந்த மதிப்பில் சேராது, அது உங்கள் கைக்காசு. காலி மனைக்குக் கிடைப்பது இன்னும் குறைவு, தவணைக் காலமும் குறைவு. பத்து லட்சத்தை 9.5% வட்டியில் பத்து வருடம் வாங்கினால் மாதம் சுமார் ₹12,940, மொத்த வட்டி ஐந்தரை லட்சம். காலி மனை மாதம் ஒரு பைசா தராது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பேங்க் வக்கீல் கருத்து கொடுத்துவிட்டாரே என்று உங்கள் வக்கீலை விட்டுவிட வேண்டாம். அவர் பார்ப்பது பேங்கின் பணம் பத்திரமா என்பதை.

பேங்க் ஏலச் சொத்து மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும்: ஏலம் எடுத்த அன்றோ அடுத்த வேலை நாளோ 25% கட்ட வேண்டும், மீதியை ஏலம் உறுதியான 15 நாளில் கட்ட வேண்டும். உள்ளே குடியிருப்பவரைக் கிளப்புவது பல நேரம் உங்கள் தலையில் விழும். முதல் சொத்துக்கு வேண்டாம்.

8. பத்திரத்தில் எந்த விலையை எழுதுவது

"கைடுலைன் மதிப்புக்கு எழுதிக்கலாம், மீதியை கையில குடுத்துடுங்க" என்பார்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்குப் போட்டாலே நஷ்டம். 18 லட்சத்துக்கு வாங்கி 10 லட்சம் என்று எழுதினால், 8 லட்சத்துக்கு 9%, அதாவது ₹72,000 மிச்சம். பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 10 லட்சம் என்றுதான் கணக்கில் இருக்கும். அந்த 8 லட்சமும் உங்கள் லாபமாகி, 12.5% வரியும் செஸ்ஸும் சேர்த்து ₹1,04,000 கட்டுவீர்கள். அதோடு லோனும் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

பதிவு நாளுக்கு இணையத்தில் டோக்கன் போட்டு, கட்டணங்களையும் இணையத்திலேயே கட்ட வேண்டும். இரண்டு சாட்சிகள், எல்லோருடைய ஆதார், பான், ஒரிஜினல் பத்திரங்கள், இடத்தின் இருப்பிடக் குறியீட்டோடு எடுத்த புகைப்படம் ஆகியவை கையில் இருக்கட்டும். வயதானவர்களுக்குச் சில நேரம் கைரேகை மெஷினில் விழாது, காலையிலேயே போவது நல்லது. அன்று காலை வில்லங்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முந்தின நாள் யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். சர்வே எண், நான்கு எல்லை, அளவு, பெயர்களின் எழுத்து இவற்றை நகலில் விரல் வைத்துப் படியுங்கள். பின்னால் பிழைதிருத்தல் பத்திரம் போடலாம், ஆனால் அதற்கு விற்றவர் திரும்ப வர வேண்டும்.

சொத்து 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விலையில் 1% பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விகிதமும் வழிமுறையும் வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

9. பதிவு முடிந்ததும்

முழுச் சர்வே எண்ணையோ முழு உட்பிரிவையோ வாங்கியிருந்தால் பட்டா தானாகவே உங்கள் பெயருக்கு மாறும். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். "தானா மாறிடும்" என்று விட்டுவிடாமல் இணையத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். அப்புறம் சொத்து வரி அல்லது காலிமனை வரி, வீடு என்றால் மின் இணைப்பு, குடிநீர் இணைப்புப் பெயர் மாற்றம். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாமல் இருக்கக் கடைசி ரசீதுகளைப் பத்திரத்தன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

மனையில் சின்ன வீடு கட்டி வாடகைக்கு விட நினைத்தால், 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் உதவும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி.

10. வாடகை, விற்பனை, வரி

வாடகைக்கு விட்டால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. குடியிருப்புக்கு முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் என்ற பழைய பழக்கத்தில் உட்காராதீர்கள். வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30% பராமரிப்புக்கு என்று கழிவு உண்டு, நிஜமாகச் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும்.

விற்கும்போது 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்துக்கு 12.5% வரி. அதற்குள் விற்றால் உங்கள் வழக்கமான வருமான வரி விகிதம். அதனால் ஒன்றரை வருடத்தில் நல்ல விலை வந்தாலும் வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். விவசாய நிலத்தில் ஒரு வசதி இருக்கிறது: கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் கிராமப்புறம் என்பதற்குத் தூரக் கணக்கு உண்டு. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை மக்கள் தொகை உள்ள நகரத்தின் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சி எட்டு லட்சத்துச் சொச்சம், எனவே நமக்கு அந்த 6 கிலோமீட்டர்தான். சாலைத் தூரம் இல்லை, வான்வழித் தூரம். பக்கத்தில் நகராட்சி ஏதாவது இருந்தால் அதன் எல்லையிலிருந்தும் தனியாக அளக்க வேண்டும், அதற்கு மக்கள் தொகையைப் பொறுத்துத் தூரம் மாறும். நிலம் காகிதத்தில் மட்டும் விவசாயமாக இல்லாமல் நிஜமாகப் பயிர் வைத்திருக்க வேண்டும் என்பதால் பயிர் விவரம் பதியும் அடங்கல் நகலை வருடாவருடம் எடுத்து வையுங்கள்.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், புரோக்கர் கமிஷன், பின்னால் கட்டிய காம்பவுண்டு, போட்ட போர்வெல் எல்லாவற்றையும் லாபக் கணக்கில் கழிக்கலாம். பில் இருக்க வேண்டும், பணம் பேங்க் வழியாகப் போயிருந்தால் நல்லது. போர்வெல்காரரிடம் பில் கேட்டால் ஜிஎஸ்டி சேர்த்து விலையை ஏற்றுவார். ஏற்றினாலும் வாங்கிப் பத்திரத்தோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.